டீசல் வாகனத்தின் புகைக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் புதுப்பிக்கலாமா? திருகோணமலையில் பதினான்கு மாத அனுபவம்

கடந்த வருடம் பெப்ரவரி மாதத்தில் என்னுடைய டபள் கெப் வாகனத்தின் முகவர் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியில், அதாவது ஈ.சி.யூ.வில், புகை தொடர்பான மென்பொருளை மாற்றவேண்டியுள்ளது என்றும், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்றும், திருகோணமலையில் நடைபெறவிருக்கும் இரண்டு நாள் நடமாடும் சேவை முகாமுக்கு வாகனத்தைக் கொண்டுவரும்படியும் அதில் கேட்டிருந்தார்கள். அந்த மாற்றம் எதைச் செய்யும், எந்த உறுப்புக்கு வேலையைக் கூட்டும், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த முகாமில் வேலையைச் செய்வித்து, அதற்குப் பின் பதினான்கு மாதங்கள் ஓடிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். ஏற்றுக்கொள்ளலாம், ஏற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் அந்த மென்பொருள் கூடுதலாக வேலை வாங்கப்போகும் உறுப்புகளுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்கக்கூடாது.

கடிதம் வந்த செய்தி தெரிந்ததும் அறிந்தவர்கள் எல்லோரும் தடுத்தார்கள். பதினைந்து வருடங்களாக என் வாகனங்களைப் பார்த்துவரும் உப்புவெளி மெக்கானிக் அண்ணை, "கொம்பனி கைவைத்தால் இழுவை போய்விடும், டீசலும் கூடக் குடிக்கும், நல்லாய் ஓடுகிறதை ஏன் தொடவிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் காரணமில்லாமல் பேசுகிறவர் அல்லர். இந்தப் பயத்துக்கு உலகம் அறிந்த வரலாறு ஒன்று இருக்கிறது.

2015 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் இருந்த ஏமாற்று மென்பொருளைப் பகிரங்கப்படுத்தியது. ஸ்டியரிங் அசையாமல் சில்லுகள் மட்டும் சுழல்வதையும், வேகம் பரிசோதனைக்கே உரிய ஒழுங்கில் ஏறி இறங்குவதையும் வைத்து, கார் பரிசோதனைச் சாலையில் நிற்கிறது என்பதை அந்த மென்பொருள் கண்டுகொள்ளும். அங்கே நிற்கும்வரை புகையைக் கட்டுப்படுத்தும். வீதிக்கு வந்ததும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். வீதியில் சில கார்கள் வெளியேற்றிய நைதரசன் ஒட்சைட்டுகளின் அளவு அனுமதிக்கப்பட்டதைப் போல் 40 மடங்கு வரை இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் உரிமையாளர்கள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறவும் வழி செய்யப்பட்டது. ஐரோப்பாவிலோ 2 லீற்றர் இயந்திரத்துக்கு மென்பொருள் மாற்றம் மட்டுமே கொடுக்கப்பட்டது, 1.6 லீற்றர் இயந்திரத்துக்கு அதனுடன், உள்ளே போகும் காற்றை ஒழுங்குபடுத்துவதற்கு வலை பதித்த சிறு குழாய் ஒன்றும் பொருத்தப்பட்டது. மாற்றத்தைச் செய்துகொண்டவர்களில் பலர், பிரித்தானியாவில் குறிப்பாக, புகையில் ஒரு பகுதியை இயந்திரத்துக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு பழுதானதாகவும் ஓட்டத்தின் நடுவே கார் சக்தி இழந்ததாகவும் முறையிட்டார்கள். அந்த முறைப்பாடுகள் பெருகிய பின்னரே, புதுப்பித்த நாளிலிருந்து 24 மாதங்களுக்கு, 250,000 கிலோமீற்றருக்கு உட்பட்ட கார்களில் ஈ.ஜி.ஆர். தொகுதியும் எரிபொருள் தொகுதியும் சார்ந்த குறிப்பிட்ட உறுப்புகள் பழுதானால் கவனிப்பதாக அந்நிறுவனம் ஐரோப்பிய உரிமையாளர்களுக்கு உறுதியளித்தது. இந்த உறுதிமொழியை நான் மனதில் குறித்துவைத்தேன். உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றே கொடுத்த ஒன்றை, இங்குள்ள முகவரிடம் நாமும் கேட்கலாம் அல்லவா?

மென்பொருளை மாற்றினால் உறுப்பு ஏன் பழுதாகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு விறகடுப்பு போதும். காற்று நன்றாகப் போனால் அடுப்பு சுள்ளென்று எரியும். சூடு அதிகம், கரி குறைவு. காற்றை அடைத்தால் சூடு தணியும். ஆனால் புகையும் கரியும் கூடிச் சட்டியின் அடி கறுத்துவிடும். டீசல் இயந்திரத்திலும் நடப்பது இதுதான். எரிதல் மிகச் சூடாக நடக்கும்போது காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகின்றன. அந்தச் சூட்டைத் தணிப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை ஈ.ஜி.ஆர். வால்வு மீண்டும் இயந்திரத்துக்குள் அனுப்புகிறது. ஒட்சைட்டு குறைகிறது, கரி கூடுகிறது. கூடிய கரியை டி.பி.எப். எனப்படும் வடிகட்டி பிடித்து வைத்து, அவ்வப்போது 600 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில் எரித்துத் தள்ளுகிறது. ஆகவே புதிய மென்பொருள் எந்த மாசையும் மாயமாய் மறையச் செய்வதில்லை. காற்றில் போனதை இயந்திரத்தின் உறுப்புகளின் தலையில் ஏற்றுகிறது. பொதுமக்கள் சுவாசித்ததை இப்போது என் வால்வும் என் வடிகட்டியும் சுமக்கின்றன. அது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் படிக்கும் பாடசாலை வாசலில் இயந்திரத்தை ஓடவிட்டு நிற்பவன் நான். ஆனால் இந்தச் சுமை கூடும் என்று உற்பத்தியாளருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்பது நியாயமல்ல.

முகாம் ஒழுங்காக நடந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். காலை 9 மணிக்குக் குறித்த நேரம் 9.20க்கு நடந்தது. கணினியை இணைக்கும் முன்னர் பற்றரிக்குத் தனியான மின்வழங்கியைப் பொருத்தினார்கள். மென்பொருள் எழுதப்படும்போது மின்னழுத்தம் விழுந்தால் ஈ.சி.யூ. பாழாகிவிடக்கூடும்; எங்கள் ஊரில் மின்சாரம் நினைத்த நேரத்தில் போய்வருகிறது. இந்தக் கவனத்துக்காக அந்த இளைஞர்களை மனதாரப் பாராட்டுகிறேன். எல்லாமாக 50 நிமிடங்கள் எடுத்தன.

கேள்விகள் கேட்டபோதுதான் சேவை தடுமாறியது. முகாம் பொறுப்பாளரிடம் நான்கு விடயங்கள் கேட்டேன். பழைய மென்பொருளின் இலக்கமும் புதியதன் இலக்கமும் என்ன? ஈ.ஜி.ஆர். வால்வு இனி எவ்வளவு கூடுதலாக வேலை செய்யும்? எந்த வெளிவெப்பநிலையில் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது? அடுத்த இரண்டு வருடங்களுக்குள் வால்வோ வடிகட்டியோ பழுதானால் யார் பொறுப்பு? அவர் மிகுந்த மரியாதையுடன், "ஐயா, இதெல்லாம் தலைமை அலுவலகத்தில்தான் தெரியும், எங்களுக்கு வந்த கோப்பை ஏற்றுவது மட்டும்தான் எங்கள் வேலை" என்றார். தந்த பற்றுச்சீட்டில் "மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது" என்ற இரண்டு சொற்களே இருந்தன. இலக்கங்கள் இல்லாமல் வாகனத்தை எடுக்கமாட்டேன் என்று நின்றதால், பற்றுச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு இலக்கங்களையும் கிலோமீற்றர் அளவையும் எழுதிக் கையொப்பமிட்டார். அப்போது வாகனம் 118,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. மற்ற மூன்று கேள்விகளையும் அன்றிரவே மின்னஞ்சலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இரண்டு வாரங்களுக்குப் பின் வந்த பதிலில் பொறுப்புப் பற்றி மட்டும் ஒரு வசனம் இருந்தது: புதுப்பிப்புக்குப் பின் புகைத் தொகுதியில் ஏற்படும் பழுதுகள் "தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும்". பலவீனமான வசனம்தான், ஆயினும் அது பின்னர் எனக்கு உதவியது.

வெப்பநிலை பற்றி நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2022 யூலை 14 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒஸ்திரியாவிலிருந்து வந்த வழக்குகளில் வொக்ஸ்வாகனின் புதுப்பிக்கப்பட்ட மென்பொருளைப் பற்றியே ஒரு தீர்ப்பு வழங்கியது. வெளிவெப்பநிலை 15 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையில் இருக்கும்போதும், 1000 மீற்றருக்குக் குறைவான உயரத்தில் ஓடும்போதும் மட்டுமே ஈ.ஜி.ஆர். முழுமையாக வேலை செய்தது. அந்த எல்லைக்கு வெளியே அது குறைக்கப்பட்டது. ஏமாற்றைத் திருத்தவென்று கொடுத்த மென்பொருளிலும் தடைசெய்யப்பட்ட சாதனம் ஒன்று இருக்கிறது என்பதே அத்தீர்ப்பின் பொருள். குளிர்நாட்டவர்களுக்கு இதில் 15 என்ற எண் முக்கியம். எனக்கு 33 என்ற எண்தான் கண்ணில் பட்டது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை திருகோணமலையில் நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுவது வழமை. அத்தகைய எல்லையுடன் ஒரு மென்பொருள் இங்கு வந்தால், வருடத்தில் ஐந்து மாதங்கள், வீதியில் சனம் நிறைந்திருக்கும் நேரத்தில், அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும்.

என் வாகனம் வேறு நிறுவனத்தினுடையது, அதன் மென்பொருளும் வேறு. ஆகவே நானே பார்க்க முடிவு செய்தேன். ஈ.சி.யூ.விலுள்ள அளவுகளை வாசிக்கும் ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி, யூன் மாதத்தில் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை ஒரே வீதியில், ஒரே வேகத்தில், அதிகாலை ஐந்தரை மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்குமாக மூன்று நாட்கள் ஓடினேன். காலையில் வெளிவெப்பம் 27 பாகை, பிற்பகலில் 36. பிற்பகல் ஓட்டங்களில் ஈ.ஜி.ஆர். திறப்பு காலையில் இருந்ததில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. இயந்திரம் அதிகம் சூடாகாமல் காப்பதற்காகவும் உற்பத்தியாளர் அப்படிச் செய்திருக்கலாம். ஒரு தனிமனிதனின் மூன்று நாள் அவதானத்தைக் கொண்டு யாரையும் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் வெப்ப வலயத்தில் விற்கப்படும் வாகனத்துக்கு எந்த வெப்பநிலைவரை புகைக் கட்டுப்பாடு முழுமையாக இயங்கும் என்று கேட்பது நுகர்வோரின் உரிமை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை.

இனி அன்றாட ஓட்டம். இழுவை போய்விடும் என்ற பயம் பொய்த்தது. கந்தளாய் தாண்டி ஹபரணை நோக்கிப் போகும் நேர்வீதியில் முந்திச் செல்லும்போது பழைய பலம் அப்படியே இருக்கிறது. ஆரம்ப வேகத்தில் ஒரு சிறு மந்தம் தெரிந்தது, இரண்டு வாரத்தில் கால் அதற்குப் பழகிவிட்டது. டீசல் செலவு கூடியது உண்மை. தாங்கியை நிரப்பி நிரப்பி நான் எழுதிவைத்த கணக்கின்படி முன்னர் லீற்றருக்கு 11.4 கிலோமீற்றர் சராசரியாகக் கிடைத்தது, இப்போது 10.9. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் இடைவெளிதான் பெரிதாக மாறியது. முன்பு ஏறத்தாழ 420 கிலோமீற்றருக்கு ஒருமுறை நடந்தது, நகருக்குள் மட்டும் ஓடும் வாரங்களில் இப்போது 260 கிலோமீற்றரிலேயே நடக்கிறது. திருகோணமலையில் வாழ்பவனின் ஓட்டம் சிறியது. வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து சந்தை, பின்னர் பாடசாலை, எல்லாம் ஐந்தாறு கிலோமீற்றருக்குள். இந்தத் தூரத்தில் புகைக்குழாய் போதிய சூட்டைப் பெறாது. தொடங்கிய சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும். பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து என்ஜின் ஒயிலில் கலக்கும். நான்காம் மாதம் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தபோது மட்டம் மேற்குறியைத் தாண்டி ஏறியிருந்தது. ஒயில் குறைந்தால் பயப்படுகிற நாம், கூடினால் மகிழ்ந்து விடுகிறோம். அது கூடுவது ஆபத்து. அன்றிலிருந்து 10,000 கிலோமீற்றருக்குப் பதிலாக 6,000 கிலோமீற்றரில், வடிகட்டி உள்ள இயந்திரங்களுக்கென்றே வரும் சாம்பல் குறைந்த ஒயிலை மாற்றுகிறேன். வாரம் ஒருமுறை புல்மோட்டை வீதியில் குச்சவெளி தாண்டும்வரை நிற்காமல் ஓடித் திரும்புகிறேன். ஓட்டோ டீசலை விட்டு, கந்தகம் குறைந்த சூப்பர் டீசலுக்கும் மாறினேன். இவை எல்லாம் என் பணம். கட்டணம் இல்லை என்று கடிதம் சொன்னது முகாமில் செலவான 50 நிமிடங்களுக்கு மட்டுமே.

ஏழாம் மாதம் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி இறுகிக்கொண்டது. தம்புள்ளையிலிருந்து திரும்பும் வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வாகனம் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போக மறுத்தது. வீட்டாரை ஏற்றிக்கொண்டு இரவில் யானைகள் கடக்கும் வீதியில் அப்படி ஊர்ந்து வந்ததை மறக்க முடியவில்லை. முகவர் நிறுவனம் முதலில், உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று கையை விரித்தது. கையொப்பமிட்ட பற்றுச்சீட்டையும் "தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும்" என்ற மின்னஞ்சலையும் வைத்துக் கடிதம் எழுதினேன். மூன்று கடிதங்களுக்குப் பின் வால்வின் விலையில் பாதியை அவர்கள் ஏற்றார்கள். கூலியை நான் கொடுத்தேன். அந்த வால்வு புதுப்பிப்பினால்தான் பழுதானது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்த வயதில் அதற்குள் ஏற்கெனவே கரி படிந்திருந்திருக்கும், புதிய மென்பொருள் அதை முன்னையிலும் அதிகம் திறந்து மூடச் செய்திருக்கும், இரண்டும் சேர்ந்தே இறுகியிருக்கும் என்பது மெக்கானிக் அண்ணையின் கணிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முகாமில் மென்பொருளை ஏற்றும் முன்னர் வால்வைக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்திருந்தால் அந்த இரவு வராமலே போயிருக்கலாம். அதைச் செய்யாமல் கோப்பை மட்டும் ஏற்றி அனுப்பியதே இந்தச் சேவையில் நான் காணும் மிகப் பெரிய குறை.

இந்த இடத்தில் அவுஸ்திரேலியாவில் நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த வகை வாகனங்கள் எங்கள் வீதிகளிலும் ஓடுகின்றன. 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் அங்கு விற்பனையான ரொயோட்டா ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் டீசல் வாகனங்கள் 260,000க்கும் மேற்பட்டவற்றின் கரி வடிகட்டித் தொகுதி குறைபாடுடையது என்று 2022இல் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னர் மென்பொருளைத் திருத்தியும், கையால் அழுத்திச் சுத்திகரிப்பைத் தொடங்கும் பொத்தானைச் சேர்த்தும் பார்த்தார்கள், தீரவில்லை. 2020இல் வடிகட்டியையும் மாற்றி மென்பொருளையும் மாற்றிய பிறகே தீர்வு கிடைத்தது. உறுப்பில் உள்ள குறையை மென்பொருளால் மட்டும் சரிக்கட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வருடாந்தப் புகைப் பரிசோதனை இந்த விடயத்தில் நமக்கு உதவாது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக நாம் எடுக்கும் சான்றிதழுக்கு டீசல் வாகனத்தில் அளப்பது புகையின் கருமையை மட்டுமே. அக்சிலேட்டரை அழுத்தி, ஒளி எவ்வளவு மறைகிறது என்று பார்க்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டுக்கு நிறம் பெரிதாக இல்லை, அதை அங்கு யாரும் அளப்பதும் இல்லை. என் வாகனம் மாற்றத்துக்கு முன்னும் சித்தியடைந்தது, பின்னும் சித்தியடைந்தது. ஆகவே "புகைச் சான்றிதழ் கிடைக்கிறதே, பிறகு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தச் சான்றிதழ் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை என்பதுதான்.

புதுப்பிப்பை மறுப்பவர்கள் பலர் அதோடு நின்றுவிடுவதில்லை என்பதே எனக்கு உண்மையான கவலை. வடிகட்டியின் உட்பகுதியை வெட்டி எடுத்து, ஈ.ஜி.ஆர். குழாயைத் தகட்டினால் அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஈ.சி.யூ.வையும் மாற்றி எழுதிக்கொடுக்கிற டியூனிங் ஆட்கள் இப்போது எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் பிடிபட்டு உலகமே கண்டித்த அதே காரியத்தை நாம் காசு கொடுத்து நம் கையால் செய்துகொள்கிறோம். அப்படிச் செய்த வாகனத்தின் பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னிருத்திக்கொண்டு போகும் ஒருவரை உட்துறைமுக வீதியில் எந்தக் காலையிலும் காணலாம். உற்பத்தியாளரின் மென்பொருளில் எனக்கு இவ்வளவு குறைகள் தெரிந்தும் அதன் பக்கம் நிற்பதற்கு அந்தக் காட்சியே காரணம்.

வாகனத்தை அடிக்கடி மாற்றக்கூடிய நாட்டிலும் நாம் இல்லை. 2020இல் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. விலையோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. இருப்பதை இன்னும் பத்து வருடம் ஓட்டவேண்டியவர்கள், கடிதம் வந்த அன்றே முகாமுக்கு ஓடாமல், முதலில் ஒரு நல்ல கராஜில் ஸ்கேனரைப் போட்டு வடிகட்டியின் கரி அளவைப் பார்ப்பது நல்லது. அது ஏற்கெனவே நிரம்பியிருந்தால், அல்லது ஒயில் மட்டம் ஏறியிருந்தால், அவற்றைச் சரிசெய்யும்வரை புதுப்பிப்பைத் தள்ளிப்போடலாம். ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக இறக்குமதியானவற்றுக்கு இங்குள்ள முகவரிடமிருந்து கடிதமே வராமல் போகலாம். அவற்றின் செசி இலக்கத்தை உற்பத்தியாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டு, நிலுவையில் உள்ள திருத்தங்கள் எவை என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சேவைக்கு மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், தொழில்நுட்ப வேலைக்குப் பத்தில் எட்டும், உரிமையாளருக்கு அளித்த விளக்கத்துக்கு இரண்டும் கொடுப்பேன். வரும் மாசியில் அதே முகாம் மீண்டும் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். கிண்ணியாவில் மீன் லொறி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் இம்முறை கடிதம் வந்திருக்கிறது. அவர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டார். நான் கேட்ட அந்த நான்கு கேள்விகளையும் தட்டச்சு செய்து, கீழே நிறுவனத்தின் கையொப்பத்துக்கு இடம்விட்டுக் கொடுத்திருக்கிறேன்.